யார் முதலில் இறந்தார் என்று கேட்ட வழக்கறிஞர்: ஒரு லீகல் ஒப்பீனியனுக்கான மதிப்புரை

நான் இங்கே மதிப்பிடுவது ஒரு வழக்கறிஞர் எங்கள் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்த லீகல் ஒப்பீனியனை. எட்டுப் பக்கம், கட்டணம் 7,500 ரூபாய். வழக்கு இல்லை, நோட்டீஸ் இல்லை. உயில் எழுதாமல் இறந்துபோன அப்பாவின் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்று கேட்டோம், எழுதிக் கொடுத்தார். அவருடைய பெயரையோ ஊரையோ போடப்போவதில்லை. பாராட்டோடு குறையும் சொல்ல இருக்கிறேன். குறை சொல்லும் இடத்தில் பெயரையும் சொல்வது எனக்குப் பிடிக்காது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது, அந்த வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா 2001இல் இறந்தார். அண்ணனும் நானும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். 2004இல் அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தியும் கணவரை இழந்தவர். மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். 2007இல் தம்பி பிறந்தான். 2023இல் அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் சித்தி, தங்கை, பதினாறு வயதுத் தம்பி, அப்பாவைப் பெற்ற 86 வயதுப் பாட்டி. அண்ணனுக்கும் எனக்கும் திருமணமாகித் தனித்தனிக் குடும்பம். தங்கையின் பள்ளிச் சான்றிதழிலிருந்து ஆதார் வரை தகப்பனார் பெயர் என்ற இடத்தில் எங்கள் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அவள் யாருடைய மகள் என்ற பேச்சு அதுவரை எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

சொத்து என்று பார்த்தால், அப்பா 1991இல் கிரயம் வாங்கிய ஒரு கிரவுண்டு மனையும் அதில் கட்டிய வீடும். அம்மாவுக்கு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்த 45 சென்ட் நிலம். வங்கியில் ஒரு வைப்புத்தொகை, அதற்கு நாமினி சித்தி. உயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் "என் பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள்" என்று அப்பா முடித்துவிடுவார். அடித்துக்கொள்ளவில்லைதான். ஆனால் ஆளுக்கொரு சட்டம் பேசினோம். வீடு பூர்வீகம் என்றான் அண்ணன். அம்மா நிலத்தில் இரண்டாம் தாரத்துக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது என்றார் மாமா. நாமினி தான் என்பதால் வங்கிப் பணம் தனக்கே என்று சித்தி நம்பிக்கொண்டிருந்தார். பாட்டியை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வழக்கறிஞரிடம் போவதற்கு முன் இரண்டு இடங்களில் கேட்டிருந்தோம். ஒப்பிட்டுச் சொன்னால்தான் 7,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்பது தெரியும்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தர் ஒருவர், விவரம் கேட்ட கையோடு வரைவை அடித்துக் கொடுத்துவிட்டார். வாரிசுகள் ஐந்து பேர்: சித்தி, அண்ணன், நான், தங்கை, தம்பி. எண்ணிக்கை சரி, ஆட்கள்தான் தவறு. பாட்டியை விட்டுவிட்டுத் தங்கையைச் சேர்த்திருந்தார். சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதே, பிறகென்ன என்பது அவர் கட்சி. எல்லோரும் அண்ணனுக்கு விடுதலை (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுப்பது போலவும், மைனரான தம்பிக்காகச் சித்தி கையெழுத்துப் போடுவது போலவும் பத்திரம் தயாராக இருந்தது. முத்திரைத்தாள் வாங்குவதுதான் பாக்கி.

அடுத்தது, இணையத்தில் பணம் கட்டி வீடியோவில் பேசும் ஆலோசனைச் சேவை. பேசிய இளைஞர் மரியாதையாகப் பேசினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8, முதல் வகுப்பு வாரிசுகள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சொன்னதில் தவறே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த முதல் வகுப்பு வாரிசுகள் யார் என்பதை அவர் கேட்கவே இல்லை. "மகள்" என்றால் எந்த மகள் என்றும் கேட்கவில்லை.

இனி நம் வழக்கறிஞர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, சிவில் வழக்குகள் மட்டும் பார்ப்பவர். நாங்கள் பேச ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்தினார். "பங்கு பிறகு. இறந்தவர்கள் யார் யார், எந்த வரிசையில்?" ஒரு நீளத்தாளைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு வம்சாவளி வரைந்தார். உயிரோடு இருப்பவர்கள் நீல மையில், இறந்தவர்கள் சிவப்பு மையில். ஒவ்வொரு சிவப்புப் பெயருக்கும் கீழே இறந்த தேதி. தேதி வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுதமாட்டார், இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அம்மாவின் சான்றிதழ் எங்களிடம் இல்லை. அதைத் தேடி எடுத்து வரும்வரை மேலே ஒரு வார்த்தை பேச மறுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். வவுச்சர் இல்லாமல் பதிவு போடாதவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சான்றிதழ் வந்த பிறகு கணக்கு மளமளவென்று விழுந்தது. முதலில் வீடு. 1991 கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புரட்டினார். அப்பா தன் சம்பளத்தில் தன் பெயரில் வாங்கியது. தாத்தா அந்த வீட்டில் குடியிருந்தார் என்பதற்காக அது பூர்வீகம் ஆகிவிடாது. அண்ணனின் வாதம் அத்தோடு முடிந்தது. சுயமாகச் சம்பாதித்த சொத்தை வைத்துவிட்டு உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணுக்கு, முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாய். ஆம், தாய். அப்பாவைப் பெற்றவர் உயிரோடு இருந்தால் பிள்ளைகளுக்குச் சமமாக அவருக்கும் ஒரு பங்கு. தந்தைக்குத்தான் அந்த இடம் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பில் வருகிறார். ஆக, சித்தி, அண்ணன், நான், தம்பி, பாட்டி: ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 2,400 சதுர அடியில் 480 சதுர அடி. முதல் தாரத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை என்ற பேதம் அப்பாவின் சொத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் இல்லை. மகளுக்குத் திருமணமாகிவிட்டதா என்ற கேள்வியும் இல்லை.

அப்பா சித்தியை மணந்தபோது அம்மா உயிரோடு இல்லை என்பதற்கு அந்த இறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் மனைவி உயிரோடு, விவாகரத்தும் இல்லாமல் இருக்கும்போது நடக்கும் இரண்டாவது திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் பங்கு கிடையாது. ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் அந்தத் தகப்பனுக்கு வரக்கூடிய பாகத்திலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ரேவணசித்தப்பா வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இது தேவைப்படவில்லை. தேவைப்படும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன என்பதால் எழுதி வைக்கிறேன்.

பாட்டியின் பங்கைப் பற்றி ஒரு பத்தி தனியாக எழுதியிருந்தார். ஒப்பீனியனில் நான் அதிகம் மெச்சிய பத்தி அதுதான். பாட்டியும் உயில் இல்லாமல் இறந்தால் அந்த 480 சதுர அடி எங்கே போகும்? பாட்டிக்கு இரண்டு பிள்ளைகள், அப்பாவும் அத்தையும். அத்தைக்குப் பாதி, 240. அப்பாவின் பாதியை அண்ணன், நான், தம்பி மூவரும் பிரித்துக்கொள்ள ஆளுக்கு 80. சித்திக்கு அதில் எதுவும் இல்லை, மாமியார் சொத்தில் மருமகள் அந்த வரிசையிலேயே வரமாட்டார். நாங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் 86 வயதுக்காரர் ஒருவர் கூட்டு உரிமையாளராக இருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்காமல் தள்ளிப்போட்டால் நாளைக்கு அத்தையும் அவர் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வரவேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அம்மாவின் நிலத்துக்கு வருகிறேன். மாமா அன்றைக்குக் கூடவே வந்திருந்தார். "எங்கள் அப்பா எங்கள் அக்காவுக்குக் கொடுத்த நிலம், இது எப்படி அந்த அம்மாவுக்குப் போகும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பெண் வீட்டாருக்குத் திரும்பிப் போகும் என்று ஒரு விதி சட்டத்தில் இருப்பதும் உண்மைதான். பிரிவு 15இல் இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகளோ, முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளோ இல்லாதபோது மட்டும் தகப்பன் வழிக்குத் திரும்பும். அம்மாவுக்குத்தான் நாங்கள் இருவர் இருந்தோமே. ஆகவே 2001இல் அம்மா இறந்த அன்றே நிலம் மூன்றாகப் பிரிந்துவிட்டது: அண்ணன், நான், கணவர் என்ற முறையில் அப்பா. ஆளுக்கு 15 சென்ட். யாரும் பத்திரம் போடவில்லை, பட்டா மாற்றவில்லை, ஆனாலும் உரிமை பிரிந்தது பிரிந்ததுதான்.

அப்பாவின் அந்த 15 சென்ட் 2023இல் ஐந்தாகப் பிரிகிறது, ஆளுக்கு 3. ஆக, அண்ணனுக்கு 18, எனக்கு 18, சித்திக்கு 3, தம்பிக்கு 3, பாட்டிக்கு 3. கூட்டிப் பார்த்தால் 45. அப்பா முதலில் இறந்து அம்மா பிறகு இறந்திருந்தால் இந்த நிலத்தில் சித்தி என்ற பேச்சே வந்திருக்காது. சிவப்பு மைத் தேதிகள் எதற்கு என்று மாமாவுக்கும் அப்போது விளங்கியது. அவர் சமாதானம் ஆகவில்லை, ஆனால் வாதம் செய்வதை நிறுத்திவிட்டார். எழுத்தில் இருக்கும் பின்னத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை என்பது என் தொழில் அனுபவம்.

அடுத்து தங்கை. இங்கேதான் வழக்கறிஞரிடம் எனக்குப் பெரிய வருத்தமும் பெரிய மரியாதையும் ஒரே நாளில் உண்டாயின.

"உங்களுக்கு இந்தச் சொத்தில் சட்டப்படி ஒன்றும் இல்லை அம்மா" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். முன்னுரை கிடையாது, தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வி கிடையாது. ஒரு கோடு இழுத்து அவள் பெயரை வம்சாவளியில் சித்திக்குக் கீழே மட்டும் இணைத்தார். சித்தி அழ ஆரம்பித்துவிட்டார். தங்கை அழவில்லை, மேஜைமேல் இருந்த தன் ஆதார் அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். விஷயத்தை மறைக்கச் சொல்லவில்லை, ஆனால் சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது.

தத்தெடுத்ததாகப் பத்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. இருந்திருந்தாலும் செல்லாது என்றார். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, ஏற்கெனவே இந்து மகள் ஒருத்தி உயிரோடு இருப்பவர் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாதாம். அதாவது நான் இருந்ததே அவளுக்குத் தடை. வளர்த்ததும், பெயர் கொடுத்ததும், பள்ளிக்கு அழைத்துப் போனதும் வாரிசுரிமையில் எண்ணப்படுவதில்லை. அப்பா உயில் ஒன்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும் காரியம் இது. தன் சுய சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அவருக்கு உரிமை இருந்தது. பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பியவர், சட்டம் எந்தப் பிள்ளையைப் பிள்ளையாகக் கணக்கில் வைத்திருக்கிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத கேள்வி. தங்கையைப் பார்த்து, "உங்களைப் பெற்ற அப்பா எப்போது இறந்தார்? அவர் பெயரில் என்ன இருந்தது?" என்றார். அவளுக்குத் தெரியாது. சித்திதான் தயங்கிச் சொன்னார், ஒரு வீடு இருந்தது, மறுமணம் செய்துகொண்டதால் தனக்கு உரிமை போய்விட்டது என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டார்கள், அதற்குமேல் தான் கேட்கவில்லை என்று. வழக்கறிஞர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணவர் இறந்த அன்றே மனைவிக்குப் பங்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டால் வந்த பங்கு பறிபோகாது. 2008இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. மகளுக்கோ மறுமணக் கேள்வியே இல்லை, பெற்ற தகப்பனுக்கு அவள் முதல் வகுப்பு வாரிசு. அந்த வீட்டுத் தாத்தா பாட்டியின் சொத்தில் பிரிவினை வந்தாலும், முன்பே இறந்த மகனின் மகள் என்ற முறையில் இவளுக்கு இடம் உண்டு.

இருபது வருடம் எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு எங்கள் வீட்டில் பங்கு இல்லை. முகமே நினைவில்லாத மனிதர் வீட்டில் இருக்கிறது. தாளில் ஓர் ஓரமாக இன்னொரு வம்சாவளி வரைந்து, எந்தெந்தச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கவே வாய்ப்பில்லை, ஒருவர் அவளை மகளாகவே எழுதிவிட்டார், இன்னொருவர் அவள் இருப்பதையே கேட்கவில்லை.

தங்கைக்கு நாங்களாக ஏதாவது கொடுக்க விரும்பினால் வழி என்ன என்றும் ஒப்பீனியனில் இருக்கிறது. அவள் கூட்டு உரிமையாளர் இல்லை என்பதால் விடுதலைப் பத்திரம் அவள் பெயரில் போட முடியாது, தான செட்டில்மெண்ட் எழுத வேண்டும். சித்தியின் காலத்துக்குப் பிறகு அவருடைய ஐந்தில் ஒரு பங்கு தங்கைக்கும் தம்பிக்கும் சமமாகப் போகும். அண்ணனுக்கும் எனக்கும் அதில் எதுவும் வராது. சித்திக்குப் பிள்ளைகளே இல்லாதிருந்தால் கணவரின் வாரிசுகள் என்ற முறையில் நாங்கள் வந்திருப்போம். மாற்றாந்தாய்க்கு நாங்கள் "மகன், மகள்" ஆகமாட்டோம் என்பதை 1987லேயே லச்மன் சிங் எதிர் கிர்பா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது. இதைக் கேட்டபோது தங்கைக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்று நினைக்கிறேன். அப்பா சொத்தில் அவளுக்கு நேர்ந்தது சித்தி சொத்தில் எங்களுக்கும் நேர்கிறதே.

வங்கிப் பணத்தைச் சுருக்கமாகவே முடித்தார். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான், உரிமையாளர் அல்ல. சித்தி வங்கியில் பெற்றுக்கொண்டு ஐந்து பேருக்கும் பிரிக்க வேண்டும். ஆனால் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வேறு கணக்கு. அது அப்பா விட்டுச்சென்ற சொத்தே அல்ல, விதிப்படி மனைவிக்கு வருவது, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கேட்டதால் பதில் எழுத்தில் கிடைத்தது என்பது அவன் கருத்து.

பத்திர எழுத்தரின் வரைவைக் காட்டியபோதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். தாய் என்ற முறையில் சித்தி தம்பிக்கு இயற்கைக் காப்பாளர்தான். ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதிய பத்திரத்தைப் பையன் 18 வயது நிறைந்த பிறகு 3 ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்கலாம். அண்ணன் கையில் ஒரு பதிவுப் பத்திரம் இருந்திருக்கும். அதை நம்பி யாராவது வீட்டை வாங்கியிருந்தால் அவர்கள் தலையில் வழக்கு இருந்திருக்கும். சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டார் என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகாது. பட்டாவும் அப்படித்தான். வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிர யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. இ-சேவையில் அதற்கு விண்ணப்பிக்கும்போது பாட்டியின் பெயரை விடாமல் போடவும், தங்கையை மகள் என்று போடாமல் இருக்கவும் சொன்னார். இரண்டாவதைச் செய்யும்போது கை நடுங்கத்தான் செய்தது. பொய்யான வாரிசு விவரம் பின்னால் எல்லோருடைய பத்திரத்தையும் கெடுக்கும் என்று அவரே சொல்லியிருந்தபோது வேறு வழி இல்லை.

இனிக் குறைகள். கொடுத்த நேரத்துக்கு அவர் அறையில் இருந்ததே இல்லை. நீதிமன்றத்திலிருந்து வரும்வரை மர பெஞ்சில் காத்திருக்க வேண்டும், பாட்டியையும் அழைத்து வரச் சொன்ன நாளிலும் அதே கதைதான். குமாஸ்தா ஒவ்வொரு நகலுக்கும் தனியாகப் பணம் கேட்பார், ரசீது கேட்டால் வானத்தைப் பார்ப்பார். ஒப்பீனியனின் மொழியோ "மேற்படி ஐட்டம் சொத்தில் மேற்படியாரின் பிரிபடாத பாகமானது" என்ற நடை. அண்ணன் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டான். பங்குக் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டிருந்தால் எட்டுப் பக்கத்தில் மூன்று பக்கம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் நானே போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். பதிவுச் செலவையும் அவர் எழுதவில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. குடும்ப உறுப்பினர்களுக்குள் போடும் பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000லிருந்து 10,000 ஆகவும் 2023 ஜூலையில் உயர்ந்துவிட்டன. அது ஒவ்வொரு பாகத்துக்கும் என்பது, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் சின்ன விஷயம் அல்ல. சமரசம் பேசி வைக்கவும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்பதோடு அவர் வேலை முடிந்தது. யார் எந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வது என்று நாங்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தங்கையிடம் பேசிய விதத்துக்காக ஒன்றைக் குறைக்கிறேன்.

மறுமணக் குடும்பம், உயில் இல்லை, இறந்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் இப்படி எழுத்தில் ஒப்பீனியன் வாங்கிக்கொண்டு பிறகு பத்திர எழுத்தரிடம் போங்கள். எங்கள் பின்னங்களை எடுத்து அப்படியே உங்கள் வீட்டுக்குப் போட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. இஸ்லாமியர்களுக்குப் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. கூட வந்த குழந்தைக்கு அங்கும் பங்கில்லை. கட்டணம் கொடுக்க வசதியில்லாத பெண்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை, உதவி எண் 15100.

தம்பிக்கு 2025இல் 18 நிறைந்த பிறகு நிலத்துக்குப் பாகப்பிரிவினை போட்டுவிட்டோம். பாட்டியும் தம்பியும் சித்தியும் தங்கள் ஒன்பது சென்டையும் ஒரே துண்டாக வாங்கிக்கொண்டார்கள். வீடு பொதுவிலேயே இருக்கிறது, தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்குச் செட்டில்மெண்ட் எழுத நான் தயார், அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறான். இதற்கிடையில் பாட்டி தனக்கு உயில் எழுத வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நாங்கள் யாரும் கூட வரக்கூடாது என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருத்துவரின் சான்றும், பங்கு ஏதும் பெறாத இரண்டு சாட்சிகளும் போதுமாம். பக்கத்து வீட்டுக்காரரோடு ஆட்டோவில் போய் வந்தார். அந்த வேலைக்கு எவ்வளவு கட்டணம், அது 7,500க்குக் கூடவா குறைவா என்று இங்கே எழுதலாம் என்று பார்த்தேன். பாட்டி சொல்ல மறுக்கிறார். யாருக்கு எழுதினார் என்பதையும்தான்.